சைலேஜ் கல்ச்சர்: உங்க குழியில என்ன நடந்துச்சு?

கறவைக்காரர்:
சைலேஜ், அதாவது காத்துப் படாம மூடிப் புளிக்கவெச்ச பசுந்தீவனம். மக்காச்சோளத்தை மணியில பால்கோடு (மாவுக்கும் பாலுக்கும் நடுவுல தெரியுற கோடு) பாதி இறங்கின பருவத்துல வெட்டி, பிளாண்டாரம்ங்கிற புளிக்கவைக்கிற பாக்டீரியா கல்ச்சரை பாக்கெட்ல போட்ட அளவுக்கே தெளிச்ச குழி. 30 நாள்ல திறந்தாச்சு. மஞ்சப் பச்சை, சுத்தமான புளிப்பு வாசம், பி.எச். 3.8. மூணாம் நாள் வெட்டுமுகத்துல (தீவனம் வெட்டி எடுக்கிற பக்கம்) கையை விட்டா சுடுது! ஒரு முழம் உள்ளே போனா குளுகுளுன்னு இருக்கு. மாடு மோந்து பாத்துட்டு ஒதுங்கிடுச்சு. இவ்வளவு நல்லா புளிச்ச தீவனம் ஏன் சூடாகணும்?

தட்டுவெட்டி:
அண்ணா, நல்லா புளிச்சதுதான் காரணமே. பிளாண்டாரம் சர்க்கரையை ஏறக்குறைய முழுசா லாக்டிக் அமிலமாக்கிடும், அசிட்டிக் கம்மியா நிக்கும். காத்து பட்டதும் ஈஸ்ட் அந்த லாக்டிக்கையே தின்னும், பி.எச். ஏறும், பின்னாடியே பூஞ்சணம் வரும். மக்காச்சோளத்துக்கு புக்னரிங்கிற இன்னொரு பாக்டீரியா கலந்த கல்ச்சர் வாங்குங்க. லாக்டிக்ல ஒரு பங்கை அது அசிட்டிக்கா மாத்தும், ஈஸ்ட் அடங்கும். ஆனா அதுக்கு 45 முதல் 60 நாள் ஆகும். 30 நாள்ல திறந்தா அதுவும் வீண்.

புல்லுக்காட்டான்:
இங்க கோ 5 நேப்பியர். அரைநாள் வாடவிட்டு நறுக்கின ஒரே புல், ஒரே பாக்கெட், ரெண்டு டிரம். ஒண்ணுக்கு கிணத்துத் தண்ணி, இன்னொண்ணுக்கு குளோரின் வாசம் வீசுற குழாய்த் தண்ணி. கிணத்துத் தண்ணி டிரம் ஊறுகாய் மாதிரி மணத்துச்சு. அடுத்ததைத் திறந்ததும் அழுகின வெண்ணெய் நாத்தம், சோப்பு போட்டும் கையை விட்டுப் போகலை. பாக்டீரியா பாக்கெட்டைக் கரைச்ச வாளியிலேயே செத்திருக்கு.

குழிமேஸ்திரி:
தட்டுவெட்டி தம்பி சொல்ற அறிவியல் சரி. ஆனா மூணாம் நாளே சூடுன்னா நான் முதல்ல மிதிப்பைத்தான் சந்தேகப்படுவேன். குழி இறுகலைன்னா காத்து வெட்டுமுகத்தைத் தாண்டி உள்ளே போகும், எந்த பாக்டீரியாவும் தடுக்காது. மணிக்கு எத்தனை டன் கொட்டுறீங்களோ அதை 400-ஆல பெருக்குங்க. அத்தனை கிலோ எடை மேல ஓடணும். 2 டன் டிராக்டர் ஒண்ணுதான்னா மணிக்கு 5 டன்னுக்கு மேல கொட்டக்கூடாது. அரை அடிக்கு மேல அடுக்காம மிதிங்க. திறந்த பிறகு முகம் முழுக்க தினம் அரை அடியாவது எடுக்கணும், வெயில் காலத்துல ஒரு அடி. ரெண்டு மாடு வெச்சுக்கிட்டு அகலமா குழி வெட்டினா அந்த வேகம் வராது. மூட்டையோ டிரம்மோதான் சரி.

கேக்காட்டியும் சொல்றேன், பாக்கெட் வாங்கும்போது கணக்குப் போடுங்க. தீவனம் கிராமுக்கு 1 லட்சம் உயிர் பாக்டீரியா வேணும், அதாவது டன்னுக்கு 10,000 கோடி. 100 கிராம் பாக்கெட் 50 டன்னுக்குன்னு போட்டிருந்தா, கிராமுக்கு 5,000 கோடி இருக்கணும். எண்ணிக்கையே அச்சிடாத பாக்கெட்டைத் தொடாதீங்க. புக்னரிக்கு 4 லட்சம்னு போட்டிருந்தா அதை 1 லட்சமா குறைச்சுத் தெளிக்காதீங்க.

புல்லுக்காட்டான், குழாய்த் தண்ணிதான் கதின்னா ராத்திரி பூரா அகலப் பாத்திரத்துல திறந்து வைங்க. வாசம் போகலைன்னா அந்தத் தண்ணி வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியில கொதிக்கிற தண்ணியும் ஆகாது. நேப்பியர்ல சர்க்கரை கம்மி, டன்னுக்கு 20 கிலோ மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) சேருங்க. இல்லைன்னா கல்ச்சருக்குத் தின்னப் போதாம போகலாம். பிடிச்சுப் பிழிஞ்சா தண்ணி சொட்டுற புல்லை இன்னும் வாடவிடுங்க. கரைச்சதை அன்னைக்கே தெளிச்சு முடிங்க, மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீங்க.