சும்மா கிடக்கும் கணினியை அறிவியலுக்குக் கொடுத்தால் கரண்ட் பில் யார் தலையில்?

மொட்டைமாடி:
ஃபோல்டிங் அட் ஹோம் என்ற மென்பொருளை நிறுவி மூன்று வாரம் ஆகிறது. புரத மூலக்கூறுகள் எப்படி மடங்குகின்றன, எப்படி அசைகின்றன என்ற பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி உலகம் முழுக்க வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். நம்முடையது போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். மேசைக் கணினி சும்மாதானே கிடக்கிறது என்று 24 மணி நேரமும் ஓடவிட்டிருக்கிறேன். அப்பா தினமும் மீட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். தாம்பரத்தில் இருக்கிறோம். தொடரலாமா?

மீட்டர்காரன்:
நான் உங்கள் அப்பா கட்சி. "சும்மா கிடக்கும் திறன்" என்பது 1999-ல், வேற்றுலக உயிர்களைத் தேடும் செட்டி அட் ஹோம் (SETI@home) வந்த காலத்துப் பேச்சு. அப்போதைய கணினியின் செயலி (பிராசசர்) வேலை இல்லாவிட்டாலும் மின்சாரத்தைப் பெரிதாகக் குறைத்துக்கொள்ளாது. ஸ்கிரீன்சேவர் ஓடுகிற நேரத்தில் வேற்றுலகச் சமிக்ஞையைத் தேடினால் கூடுதல் செலவு கொஞ்சம்தான். இன்றைய செயலி வேலை இல்லையென்றால் தூங்கிவிடுகிறது. அதைத் தட்டி எழுப்பி ஓட்டுவதற்குப் பெயர் மிச்சம் இல்லை, புதுச் செலவு.

கூடுதலாக 100 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதப் பில்லுக்கு 144 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டும் புரதத்துக்கே போச்சு. கிராபிக்ஸ் கார்டும் ஓடினால் இதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கின் விலையும் சேர்ந்து ஏறும், தெரியுமல்லவா?

புரதக்காரி:
கணக்கு சரி. எதற்குச் செலவாகிறது என்பதையும் எழுதியிருக்கலாம். 2020 மார்ச்சில் கொரோனா என்றதும் லட்சக்கணக்கானவர்கள் இதில் சேர்ந்தார்கள். சில வாரங்களில் எக்ஸாஃப்ளாப் அளவைத் தாண்டியது. நொடிக்கு, ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியம் போட்ட அளவு கணக்கு. அதுவரை எந்த சூப்பர்கம்ப்யூட்டரும் அதைத் தொட்டதில்லை. அதை வைத்து வைரஸின் கூர்முனைப் புரதம் வாய் திறப்பதைப் பார்த்தார்கள். ஆய்வகப் படங்களில் தெரிந்ததைவிட அது மிக அகலமாகத் திறக்கிறது என்று 2021-ல் கட்டுரை வந்தது.

வைரஸின் புரதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் ஓட்டிய அசைவு மொத்தமே 0.1 நொடி. சிரிக்காதீர்கள். ஒரு நொடியைக் கோடி கோடித் துண்டாக வெட்டினால் வரும் ஒரு துண்டைவிடச் சிறியது இந்தக் கணக்கின் ஒவ்வொரு படியும்.

மீட்டர்காரன்:
2020 முடிவதற்குள் ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற செயற்கை நுண்ணறிவு வந்து புரத அமைப்பைக் கணித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டதே அம்மா. அப்புறம், இதே கணக்கை டேட்டா சென்டரில் இருக்கும் புதுச் சிப்பு பல மடங்கு குறைந்த மின்சாரத்தில் போடும். உதவ ஆசையா, அந்தப் பில் பணத்தை ஆய்வகத்துக்கு அனுப்பட்டும்.

புரதக்காரி:
ஆல்ஃபாஃபோல்டு தருவது போட்டோ. நமக்கு வேண்டியது வீடியோ. மருந்து போய் ஒட்டக்கூடிய பள்ளம் சில புரதங்களில் எப்போதாவது ஒரு கணம்தான் திறக்கும், போட்டோவில் அது மூடியிருக்கும்.

சிப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புதுச் சிப்பில் நேரம் வாங்க வரிசையில் நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். மாதம் சில நூறு ரூபாயை எந்த ஆய்வகத்துக்கு, எந்தக் கணக்கில் அனுப்புவது? அனுப்பச் சொல்பவர்கள் யாரும் அனுப்புவதில்லை.

பழைய லேப்டாப்:
லேப்டாப்பில் மட்டும் வேண்டவே வேண்டாம். நான் ஒரு கோடை முழுக்க ஓட்டினேன். ஒருநாள் டச்பேட் கிளிக் ஆகவில்லை. தூசி என்று நினைத்து ஊதிக்கொண்டிருந்தேன். திருப்பிப் பார்த்தால் உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பி அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது.

வால்மீன்:
புரதத்தை விட்டால் விண்வெளியும் இருக்கிறது. 2010-ல் ஐன்ஸ்டீன் அட் ஹோம் என்ற இதேபோன்ற திட்டத்தில் ஒரு பல்சரைக் கண்டுபிடித்தார்கள், அதாவது சுழன்றுகொண்டே ரேடியோ துடிப்பு அனுப்பும் இறந்த விண்மீனை. அரெசிபோ தொலைநோக்கியின் பதிவுக்குள் அது ஒளிந்திருந்தது. கண்டது அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியில் ஒருவரின் கணினியும். ஒரே துண்டை இரண்டு இடத்துக்கு அனுப்பி விடை ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள், அதனால்தான் இரண்டு இடம்.

மீட்டர்காரன்:
ஒரே கணக்குக்கு இரண்டு பில் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. செட்டிக்காரர்கள் 2020-ல் துண்டு அனுப்புவதையே நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட 21 வருடம். யாராவது "ஹலோ" சொன்னார்களா?

பனிக்காலம்:
கனடா மொன்றியலில் இருந்து எழுதுறன். இங்க ஜனவரியில் மைனஸ் 20-உம் வரும். எங்கட வீட்டில் சுவரோரம் மின்சார ஹீட்டர், கரண்ட் வாறது அநேகமா நீர்மின் நிலையத்தில இருந்து. கம்ப்யூட்டர் இழுக்கிற 200 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள்ள வருது. அந்தளவுக்கு ஹீட்டர் குறைவா ஓடும். எனக்குச் செலவு ஏறக்குறைய சைபர். நவம்பரில் போட்டு ஏப்ரலில் நிப்பாட்டுவன். பூனை அதுக்குப் பக்கத்திலதான் படுக்கிறது.

மீட்டர்காரன்:
இதுதான் எனக்கு வேண்டியது! அதே 200 வாட் மே மாதத் தாம்பரத்தில் என்ன செய்யும்? அறையைச் சூடாக்கும், அதை வெளியே தள்ள ஏசிக்கு இன்னொரு காசு. பனிக்காலம் அண்ணன் ஓட்டட்டும், பூனைக்காகவாவது. இங்கே வேண்டாம்.

புரதக்காரி:
மே மாதத்துக்கு நானும் வாதாட வரவில்லை.

மொட்டைமாடி:
சரி. கிராபிக்ஸ் கார்டை நிறுத்திவிட்டேன். செயலி மட்டும், அதுவும் பாதித் திறனில், மார்கழி தை இரண்டு மாதம். அப்பாவிடம் சொன்னேன். "அந்த ரெண்டு மாச பில்லை நீ கட்டு" என்றார்.

பனிக்காலம்:
தம்பி, மாசியிலயும் பங்குனியிலயும் உங்கட பங்கையும் சேர்த்து நான் ஓட்டுறன். இங்க பனி போகாது.

மீட்டர்காரன்:
மொட்டைமாடி, இன்றைய ரீடிங்கைப் போட்டோ எடுத்து வையுங்கள். தை முடிந்ததும் புது எண்ணை இங்கேயே போடுங்கள், அப்பா கையெழுத்தோடு.