குறுங்கோணம் என்றால் குட்டையான கோணமா? வடிவியல் சொற்களோடு பழகிய அனுபவங்கள்

பகிர்வு 1

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், மாலை நேரப் படிப்பகத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வடிவியலில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவே இரண்டு ஆண்டுகள் ஆயின. முற்றிலும் புதிய சொற்களை அவர்கள் எளிதாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். வீட்டிலும் தெருவிலும் ஏற்கெனவே புழங்கிய சொல் பாடத்தில் வேறொரு பொருளோடு வந்து நிற்கும்போதுதான் வழி தவறுகிறார்கள்.

ஒரு நாள் கரும்பலகையில் இரண்டு கோணங்களை வரைந்தேன். ஒன்று 40 பாகை. அதன் கதிர்களைப் பலகையின் விளிம்புவரை நீட்டியிருந்தேன். மற்றொன்று 120 பாகை. அதன் கதிர்கள் விரல் நீளம்கூட இல்லை. இவற்றுள் குறுங்கோணம் எது என்று கேட்டபோது, ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் 120 பாகைக் கோணத்தையே காட்டினார்கள். குறுங்கோணம் என்பது 90 பாகைக்குக் குறைந்த கோணம், ஆகவே சரியான விடை 40 பாகைக் கோணம். "இதுதானே டீச்சர் குட்டையா இருக்கு?" என்றாள் ஒரு சிறுமி. குறுநாவல், குறுஞ்செய்தி என்றெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை 'குறு' என்பதற்கு நீளக் குறைவு என்று பொருள் கொண்டதில் எந்தப் பிழையும் இல்லை. கோணத்தின் அளவு என்பது கதிர்களின் நீளம் அன்று, ஒரு கதிரிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பும் திருப்பத்தின் அளவு என்பதை நான் சொல்லாமல் விட்டதுதான் பிழை. அன்று அலமாரிக் கதவையும் வாசற்கதவையும் ஒரே அளவு திறந்து வைத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு அந்தச் சிறுமியே பலகையில் இருந்த சிறிய கோணத்தின் கதிர்களை அளவுகோல் வைத்து நீட்டி, கோணமானியால் மறுபடி அளந்து, 120 பாகை மாறவில்லை என்று மற்றவர்களுக்குச் சொன்னாள்.

'செங்குத்து' என்ற சொல் இதைவிடப் பெரிய சிக்கலைக் கொடுத்தது. செங்குத்தான பாறை, செங்குத்தாக நிற்கும் பனை என்று நாம் சொல்லும்போது, நிலத்திலிருந்து நேர் மேலே எழுவதையே குறிக்கிறோம். ஆகவே ஒரு சாய்ந்த கோட்டை வரைந்து அதற்குச் செங்குத்துக்கோடு வரையச் சொன்னால், பிள்ளைகள் தாளின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்புக்கு நேராக ஒரு கோட்டை இழுத்துவிடுவார்கள். எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த வாரம் அதே கோடுதான் வரும். இதைத் தீர்த்து வைத்தவர் ஒரு மாணவனின் தந்தை. கொத்தனாரான அவர், நான் கேட்டுக்கொண்டதன் பேரில், தம் தூக்குக்குண்டையும் மூலைமட்டத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு மாலை படிப்பகத்துக்கு வந்தார். தூக்குக்குண்டை எங்கே தொங்கவிட்டாலும் அது நிலத்தை நோக்கியே நிற்கும் என்பதையும், மூலைமட்டத்தை எந்தச் சாய்வான பலகையின் மேல் வைத்தாலும் அது அந்தப் பலகைக்குத்தான் செங்கோணம் காட்டும் என்பதையும் அவர் செய்து காட்டினார். பாடம் சொல்லும் செங்குத்து தூக்குக்குண்டைச் சேர்ந்ததன்று, மூலைமட்டத்தைச் சேர்ந்தது என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. அவர் போகும்முன், கடைக்கால் போடும்போது ஒரு கயிற்றில் 3 அடியும் மறு கயிற்றில் 4 அடியும் குறித்து, மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று அறியக் குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பதையும் விளக்கினார். செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தைக் குறிக்கும் கர்ணம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை, ஆனால் அவர் கை காட்டிய இடம் கர்ணம்தான்.

வட்டப் பாடத்தில் வரும் நாண், வில் ஆகியவற்றுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஈர்க்கையும் நூலையும் கொண்டு வில் கட்டத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். ஆரம் என்பதற்கு மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போதுமானதாக இருந்தது. விட்டத்துக்குத்தான் பாடுபட்டேன், ஏனெனில் கூரையைத் தாங்கும் விட்டத்தை இன்றைய காங்கிரீட் வீட்டுப் பிள்ளைகள் கண்டதில்லை.

இன்னும் எனக்கு முழுமையாகக் கைவராதது சாய்சதுரம், அதாவது நான்கு பக்கங்களும் சமமான நாற்கரம். அட்டையில் வெட்டிய ஒரு சதுரத்தை நேராகப் பிடித்தால் 'சதுரம்' என்கிறார்கள். அதையே மூலையில் நிற்கும்படி திருப்பினால் 'சாய்சதுரம்' என்கிறார்கள். பெயரே சாயச் சொல்வதால் அவர்கள் சாய்த்துப் பார்க்கிறார்கள். டச்சு ஆசிரியத் தம்பதியான பியர் வான் ஹீலேயும் தீனா வான் ஹீலேயும் 1957 இல் தம் ஆய்வேடுகளில் காட்டியதும் இதுவே: குழந்தை முதலில் உருவத்தைத் தோற்றத்தால்தான் அறிகிறது, பண்புகளால் அறிவது அடுத்த படி. ஆகையால் இப்போதெல்லாம் பெயரைச் சொல்வதற்கு முன்பே, உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பக்கங்களையும் கோணங்களையும் அளந்து எழுதச் சொல்கிறேன்.

பகிர்வு 2

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் தமிழ் மொழிமூலம் படித்தவன். இப்போது டொராண்டோவில் வசிக்கிறேன். வடிவியலை நாங்கள் கேத்திரகணிதம் என்று படித்தோம். நீங்கள் குறுங்கோணம் என்பதை எங்கள் பாடநூல்கள் கூர்ங்கோணம் என்றே சொல்லும். கூர்மை என்ற பொருள் அதில் வெளிப்படையாக இருந்ததால், கதிரின் நீளம் பற்றிய குழப்பம் எங்கள் வகுப்பில் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு வந்த குழப்பம் வேறு. உங்கள் கர்ணம் எங்களுக்குச் செம்பக்கம். செங்கோணத்தை ஒட்டிய பக்கமே செம்பக்கமாக இருக்க வேண்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். செங்கோணத்தை அமைக்கும் பக்கங்கள் 6 உம் 8 உம் எனக் கொடுத்திருந்த கணக்கில், 8 ஐச் செம்பக்கமாகக் கொண்டு, 64 இலிருந்து 36 ஐக் கழித்து, 28 இன் வர்க்கமூலத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். சரியான விடை 10. எங்கள் கணித ஆசிரியர் என் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "செங்கோணத்தைத் தொடுகிற பக்கம் இல்லை தம்பி, அதற்கு எதிரே இருந்து அதைப் பார்க்கிற பக்கம்" என்றார். அதன்பின் அந்தப் பிழை என்னிடம் வரவேயில்லை.

பல ஆண்டுகள் கழித்து என் மகளுக்குத் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் போட்டுக் காட்டியபோது ஆரை ஆரமாகவும், முக்கோணி முக்கோணமாகவும் மாறியிருந்தன. மகள் உடனே கேட்ட கேள்வி: "அப்பா, விரிகோணம் மாதிரி முக்கோணமும் ஒரு கோணமா?" செங்கோணம், விரிகோணம் என்பவை கோணங்கள், முக்கோணம், ஐங்கோணம் என்பவை உருவங்கள், ஆனால் சொல்லின் முடிவு ஒன்றாகவே இருக்கிறது. முக்கோணி, ஐங்கோணி, பல்கோணி என்று படித்த எனக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டித் தந்திருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். என்னைக் கேட்டால், உருவத்துக்கு 'கோணி' என்ற முடிவே பொருத்தமானது.

பகிர்வு 3

இருவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டுப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தவன் நான். முதல் பருவத்தில் எல்லாச் சொற்களும் ஆங்கிலத்துக்கு மாறின. காம்ப்ளிமெண்டரி எது, சப்ளிமெண்டரி எது என்று என் வகுப்பில் ஆங்கிலவழி மாணவர்களும் தடுமாறினார்கள். எனக்கு நிரப்புக் கோணங்களின் கூடுதல் 90 பாகை, மிகைநிரப்புக் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பது 'மிகை' என்ற ஒரு சொல்லிலேயே தெளிவாக இருந்ததால், இரண்டு ஆங்கிலச் சொற்களையும் அதனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அகராதியைப் புரட்டியபோது, ரேடியஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு ஆரக்கால் என்ற பொருளும், டேன்ஜென்ட் என்பதன் மூலத்துக்குத் தொடுதல் என்ற பொருளும் இருப்பதைக் கண்டேன். தொடுகோடு என்ற நம் சொல் அதையே நேராகச் சொல்கிறது. அன்றுமுதல் வரைபடத் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல்லைப் பென்சிலால் எழுதி வைத்தேன். பக்கத்து மேசை நண்பர்கள் தேர்வுக்கு முன் அந்த ஓரங்களைத்தான் படியெடுத்துக்கொண்டார்கள்.

பகிர்வு 1 எழுதியவரின் மறுமொழி

யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு நன்றி. உங்கள் மகளின் கேள்வியை நேற்று என் பிள்ளைகளிடம் கேட்டேன். ஆறாம் வகுப்பில் 11 பேரில் 7 பேர், முக்கோணம் ஒரு கோணம்தான் என்று கை தூக்கினார்கள். முக்கோணம் ஒரு கோணம் அன்று, மூன்று கோணங்கள் கொண்ட உருவம் என்பதைக் காட்ட, நாளை ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் வெட்டியெடுத்து, ஒரு நேர்கோட்டின் மேல் பக்கம் பக்கமாக அடுக்கிப் பார்க்கப் போகிறோம்.