செங்கோட்டை–புனலூர் மலைப்பாதைக்கு எந்த ஸ்போர்ட் டூரிங் டயர்?

அண்ணன்மாரே, என் டாமினார் 400 பைக்குக்கு ஸ்போர்ட் டூரிங் டயர் (நீண்ட ஓட்டத்துக்கும் வளைவில் சாய்த்து ஓட்டவும் சேர்த்துச் செய்தது) போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அளவு முன்னால் 110/70-17, பின்னால் 150/60-17, இரண்டும் ரேடியல் (உள்ளே இழைகள் டயருக்குக் குறுக்காக ஓடும் வகை). பிரெல்லி ஏஞ்சல் ஜிடி-யா, அப்பல்லோ ஆல்ஃபா எச்1-ஆ, எது நல்லது?

என் ஓட்டம் இரண்டு விதம். திருநெல்வேலிப் பக்கம் நேர் ரோட்டில் ஓடி ஓடி இப்போதைய பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது. புளியரை தாண்டி கோட்டைவாசல் வளைவுகளில் வண்டியைச் சாய்த்தால், முதலில் முரண்டு பிடித்து, அப்புறம் சட்டென்று விழுகிற மாதிரி இருக்கிறது. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஜூன், ஜூலையில் ரோடு காய்வதே இல்லை. தென்மலை வரை மரநிழலில் பாசி வேறு. நம்ம ஊர்ச் சாரலை நம்பி அங்கே போகக் கூடாது!

நடுவில் கெட்டியும் ஓரத்தில் மென்மையுமாக இரட்டை ரப்பர் வைத்த டயர் இதற்குச் சரிப்படும் என்கிறார்கள். இங்கத்திய வெயிலில் நடுப்பகுதி உண்மையிலேயே தாங்குகிறதா? ஈரத்தில் பிடிப்பு எப்படி? கிலோமீட்டர் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எனக்கு மழைப் பிடிப்புதான் முக்கியம்.

புது டயரை முதல் 150 கிலோமீட்டராவது நிதானமாகப் பழக்க வேண்டும் என்பது தெரியும். தென்காசி, புனலூர் பக்கம் ரேடியல் டயரை ரிம்மில் கீறல் விழாமல் மாட்டி, பேலன்சிங்கும் செய்து தரும் கடை இருந்தால் சொல்லுங்கள்.