கைப்பழக்கமாய் மிஞ்சிய ஆசிரியர்கள்: அனுபவப் பகிர்வு

ஜெலுத்தோங் மிஸி:

மே 16, மலேசியாவின் ஆசிரியர் தினம் வந்தால் எல்லாரும் ரோஜாப்பூவும் வாழ்த்து அட்டையுமாகப் படம் போடுகிறார்கள். போடட்டும். ஆனால் "அன்பானவர், மறக்க முடியாதவர்" என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போனால், அந்த ஆசிரியர் உண்மையில் என்னதான் கற்றுக் கொடுத்தார் என்பது தெரியாமலே போய்விடுகிறது. ஆகவே இங்கே ஒரே ஒரு நிபந்தனை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட எந்தப் பழக்கத்தை இன்று உங்கள் வேலையில், மற்றவர்களிடம் பயன்படுத்துகிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

நான் பினாங்குத் தீவில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. பயிற்சிக் காலத்தில் எங்கள் வார்டு சிஸ்டர் ஒரு சீன அம்மையார். பெயர் வேண்டாம், அவருக்கு விளம்பரம் ஆகாது. வலி, மருந்து, பசியாறியாயிற்றா என்ற அளவுக்குத்தான் அவருக்குத் தமிழ். ஆனால் தமிழ் நோயாளிகள் தலையாட்டுவதன் பொருள் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்நாளில் வார்டில் படுத்திருந்த பெரியவர்கள் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கங்காணி சொன்னாலும் தலையாட்டி, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி சொன்னாலும் தலையாட்டி, மருந்து கொடுக்கும் டிரசர் சொன்னாலும் தலையாட்டிப் பழகியவர்கள். "மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று புரிந்ததா ஐயா?" என்று நாங்கள் கேட்போம். "புரிந்தது மிஸி" என்பார்கள். நாங்களும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பத் தயாராவோம். சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்பார். "புரிந்ததா என்று கேட்காதே. வீட்டுக்குப் போனதும் மருமகளிடம் இந்த மாத்திரையைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கேள்." கேட்போம். பெரியவர் விழிப்பார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். கையில் பெட்டியுடன் மகன் வாசலில் காத்திருந்தாலும் சரி, பெரியவர் தம் வாயால் சரியாகச் சொல்லும்வரை அந்தத் தாளில் சிஸ்டரின் கையெழுத்து விழாது.

இதை நான் டயாலிசிஸ் நிலையத்துக்கு அப்படியே கொண்டுவந்தேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. அதனால் வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் கட்டுப்பாடு. ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் விளக்கிவிட்டு, "வீட்டில் என்ன சொல்வீர்கள்?" என்றேன். "பழம் சாப்பிடக் கூடாதாம், அதனால் இனிமேல் ஜூஸாகக் கொடு என்று சொல்வேன்" என்றார். மனிதர் கேலி செய்யவில்லை. அப்படித்தான் அவருக்குப் புரிந்திருந்தது. என்ன ஜூஸ் என்று தோண்டியபோதுதான் பெலிம்பிங் வெளியே வந்தது. நாம் நட்சத்திரப் பழம் என்கிறோமே, அதுதான். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று பக்கத்து வீட்டில் மரத்திலிருந்து பறித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அது சாதாரணப் பழம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கோ அதிலுள்ள நச்சு வெளியேற வழியில்லாமல் மூளையைத் தாக்கும். முதலில் நிற்காத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு, உயிர்கூடப் போகலாம். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த ஜூஸ் எங்கள் காதுக்கு வந்தே இருக்காது.

சிஸ்டரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. "ஏன் வரவில்லை?" என்று யாரையும் கேட்கமாட்டார், "எப்போது வர முடியும்?" என்றுதான் கேட்பார். தைப்பூசம் நெருங்கும்போது இது எனக்குக் கைகொடுக்கும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷினோடு இருக்க வேண்டியவர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று ஒரு நாளை விட்டுவிடப் பார்ப்பார்கள். போகாதே என்றால் சொல்லாமல் போவார்கள். ஆகவே முன்கூட்டியே அட்டவணையை மாற்றித் தருகிறோம். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இணைத்த இரத்தக் குழாய், உள்ள கையில் பால்குடத்தின் பாரம் இறங்கக் கூடாது, வெயிலுக்குப் பந்தலுக்குப் பந்தல் மோரும் தண்ணீருமாகக் குடிக்கக் கூடாது என்று சொல்கிறோம். பிறகு அவர்களையே திருப்பிச் சொல்ல வைக்கிறேன்.

சிஸ்டர் இனிமையானவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களில் அழாதவர் குறைவு. அந்தக் கடுமை வேண்டுமா என்றால், பாதி வேண்டியதில்லை என்பேன். நான் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன், குரலை எடுத்துக்கொள்ளவில்லை.

செந்தூல்காரன்:

மிஸி அக்கா, உங்கள் நிபந்தனை பிடித்திருக்கிறது. எனக்கு வாய்த்தவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். கணக்கும் தமிழும் எடுத்தார். அதை வேறு யாராவதும் எடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது சனிக்கிழமை மாலைகளைப் பற்றி. பள்ளி வராந்தாவில் மேசையைப் போட்டுக்கொண்டு தோட்டத்து மக்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருவார்.

அந்தத் தலைமுறைக்குப் பாரம் என்றால் பயம். 1960களின் இறுதியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் ரஜூலா போன்ற கப்பல்களில் ஊர் திரும்பினார்கள். நின்றவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளாக, நின்றார்கள். அந்தக் கதையை நேரில் பார்த்தவர் எங்கள் வாத்தியார். அவருக்கு இரண்டு விதிகள். ஒன்று, அப்பா பெயரை வாயால் கேட்டு எழுதக் கூடாது. பழைய தாளை வாங்கி, அதில் உள்ள எழுத்தை அப்படியே பார்த்து எழுத வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் கல்யாணச் சான்றிதழில் வேறு மாதிரியும் ரோமன் எழுத்தில் முனியாண்டி இருந்தால், அலுவலகத்துக்கு அவர் இரண்டு ஆள். இரண்டு, எழுதி முடித்ததும் முழுவதையும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். என்னை உட்கார வைத்துப் படிக்கச் சொல்வார். அப்போது எனக்கு ஐந்தாம் ஆண்டு. மலாய் வாசிப்பு எனக்கு வந்ததே அந்த வராந்தாவில்தான்.

இன்று கோலாலம்பூரில் கணக்காளர் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சிலரோடு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறேன். எங்களிடம் வரும் சிக்கல்களில் மனத்தை அறுப்பது ஒன்று. கோயிலில் தாலி கட்டியிருப்பார்கள், ஊரே சாப்பிட்டுப் போயிருக்கும், ஆனால் திருமணத்தைப் பதிந்திருக்க மாட்டார்கள். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்ததிலிருந்து, பதிவு இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் ஆகாது. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் குடியுரிமை வராது, அம்மாவுடையதைத்தான் பார்ப்பார்கள். அம்மா எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர் என்றால், குடியுரிமை உள்ள நீல அட்டைக்கார அப்பா பக்கத்திலேயே இருந்தும் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க நேரிடும். பல வீடுகளில் இது தெரியவருவதே 12 வயதில், வகுப்பில் மற்ற பிள்ளைகள் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான்.

ஆகவே கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "பதிந்தாயிற்றா?" மண்டபம் எது, சாப்பாடு யார் என்பதெல்லாம் பிறகு. என் மனைவிக்கு இது பிடிப்பதில்லை. வாத்தியாராக இருந்திருந்தால் பத்திரிகையை வாங்குவதற்கே முன்னால் கேட்டிருப்பார்.

பட்டர்வொர்த் லேத்துக்காரன்:

எல்லாரும் நல்ல ஆசிரியராகவே எழுதிக்கொண்டு போகிறீர்கள். நான் மற்ற வகையைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்கு இடைநிலைப்பள்ளியில் ஒரு கணித ஆசிரியர். தமிழர்தான். பரீட்சைத் தாளைக் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உரக்கப் படித்து, கடைசி ஐந்து பேரைச் சன்னலோரம் நிற்க வைப்பார். நான் அங்கே நிரந்தரக் குடியிருப்பு. "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார். என் தாத்தா உண்மையிலேயே மாடு வளர்த்துப் பால் விற்றுத்தான் எங்கள் வீட்டைக் கட்டினார். அதனால் அந்த வசவு எனக்கு இரண்டு மடங்காக உறைத்தது.

இப்போது நான் ஒரு பயிற்சி நிலையத்தில் உலோகத்தைக் கடையும் லேத் வேலை சொல்லித் தருகிறேன். படிவம் ஐந்தோடு, அதாவது பதினோராம் வகுப்போடு, படிப்பை விட்டவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். அளவு தவறிய உருப்படியை யாருக்கும் காட்டமாட்டேன். செய்தவனையே மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுவேன். எவ்வளவு தவறியது என்று எண்ணாகச் சொன்னால் போதும். 0.05 மில்லிமீட்டர் தவறினால் அது 0.05 மில்லிமீட்டர்தான். அதற்குமேல் அவன் குலத்தையும் கோத்திரத்தையும் இழுக்க இடமில்லை.

இதற்காக அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யாராவது எழுதினால் சண்டைக்கு வருவேன். அடித்ததால்தான் ஆளானோம் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்லும் பேச்சு எனக்கு ஆகாது. ஆளாகாமல் போனவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை, அவ்வளவுதான். என்னோடு சன்னலோரம் நின்றவர்களில் ஒருவன் படிவம் மூன்றோடு நின்றுவிட்டான். அவனும் நல்ல மூளைக்காரன்.

ஜெலுத்தோங் மிஸி:

லேத்துக்கார அண்ணே, சண்டை வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான். என் சிஸ்டரிடமும் நோயாளி காது கேட்கத் திட்டும் பழக்கம் இருந்தது. அதை நான் மன்னித்ததாக மேலே எங்கும் எழுதவில்லை.

பந்தாய்ப் பழைய மாணவன்:

எனக்கு எழுபது தாண்டிவிட்டது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தனிநாயகம் அடிகளார் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்ததும், 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியதும் எல்லாருக்கும் தெரியும். மாநாடு நடந்த ஆண்டை மேடையில் சொல்லாத பேச்சாளர் இந்த நாட்டில் இல்லை. அடிகளாரிடம் நான் படிக்கவில்லை. அந்தத் துறையில் அக்காலத்தில் படித்துவிட்டு வந்த ஒருவர் எனக்கு இடைநிலைப்பள்ளியில் ஆசிரியராக வாய்த்தார்.

அவருடைய பழக்கம் இது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மொழி பழகுவதற்கான ரிமூவ் என்ற புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்துவிட்டு, படிவம் ஒன்றில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பார். மலாயிலோ ஆங்கிலத்திலோ பதில் வராது. "தமிழில் சொல்" என்பார். தமிழில் மழைமழையாகக் கொட்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இதை அந்த மொழியில் சொல்ல உனக்கு எத்தனை வார்த்தை குறைகிறது, எண்ணு" என்பார். ஏழோ எட்டோதான் குறையும். அறிவியலே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாதது எட்டு வார்த்தைதான் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

நான் ஆசிரியராகி ஓய்வும் பெற்றாயிற்று. இன்றும் வீட்டு வாசலில் நாலு பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்கிறேன். சம்பளம் வாங்குவதில்லை. வாங்கினால் பெற்றோர் மதிப்பெண்ணைக் கேட்பார்கள்.

ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கிட்டு 2016இல் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு என்று கொண்டாடினோம். இம்மாதிரி விழாக்களில் மாலை யார் கழுத்தில் விழுகிறது என்று பாருங்கள். ரிமூவ் வகுப்புக்குப் பாடம் எடுத்த யாரையும் நான் மேடையில் பார்த்ததில்லை.

பயிற்சித் தாதி, இரண்டாம் ஆண்டு:

மிஸி அக்கா, ஒரு சந்தேகம். நான் இப்போது ஒரு பெரிய வார்டில் பயிற்சியில் இருக்கிறேன். ஆட்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தால் ஷிஃப்ட் முடியாது. அதோடு சில பெரியவர்கள், "என்னைப் பரீட்சை வைக்கிறாயா தம்பி?" என்று கோபித்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

ஜெலுத்தோங் மிஸி:

தம்பி, எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லாதே. அன்றைக்கு எது புதிதாக மாறியதோ அதை மட்டும் கேள். புது மாத்திரை என்றால் அந்த மாத்திரை, அளவு மாறியது என்றால் அந்த அளவு.

மருந்து எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் பேச்சு வேண்டவே வேண்டாம், எண்ணிக்கை தவறும். உடம்பு துடைத்துவிடும்போது, விரிப்பு மாற்றும்போது, திருப்பிப் படுக்க வைக்கும்போது கேள். அந்த நேரம் எப்படியும் செலவாகத்தான் போகிறது.

கோபித்துக்கொள்கிறவர்களிடம் கேள்வியை உன்மேல் போட்டுக்கொள். "நான் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை ஐயா, நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல். அவர் உன்னைத் திருத்துவதுபோலச் சொல்லிவிடுவார். பார்வையாளர் நேரத்தில் மகளோ மருமகளோ வந்தால் அவர்கள் முன்னால் சொல்லச் சொல். வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். தெலுங்கோ மலையாளமோ மட்டும் பேசும் பாட்டியாக இருந்தால், மொழி தெரிந்த ஆளைக் கூட வைத்துக்கொள்ளாமல் தொடங்காதே.

புதன்கிழமை எனக்கு மாலை ஷிஃப்ட். வேறு சந்தேகம் இருந்தால் அதற்கு முன்னால் எழுது.