கனசாவா: கோபுரம் இல்லாத கோட்டை, கயிறு கட்டிய பைன் மரம்

ஜப்பானின் ஹிமேஜி கோட்டை பற்றி இங்கே ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள், நான் அதே நாட்டின் கனசாவா நகரத்துக் கதையைச் சொல்கிறேன். நவம்பர் முதல் வாரம் போனேன். டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம்தான்.

படங்களில் பார்க்கிற அடுக்கடுக்கான வெள்ளைக் கோபுரத்தைத் தேடிக் கோட்டை வளாகம் முழுக்கச் சுற்றினேன். இல்லவே இல்லை. அங்கே நின்ற பெரியவரிடம் கேட்டால் சிரிக்கிறார், 1602-இல் மின்னல் தாக்கி எரிந்ததாம், திரும்பக் கட்டவே இல்லையாம். சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் 2001-இல் பழைய முறைப்படி மரத்தால் மறுபடி எழுப்பிய ஹிஷி யகுரா என்ற காவல் மாடத்துக்குள் போனதும் வாயடைத்து நின்றேன். மூலைகள் செங்கோணம் கிடையாது, 80 பாகையும் 100 பாகையுமாக இருக்கின்றன, தூண்களையும் அதற்கேற்பச் சாய்சதுரமாகவே செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு அலமாரிக்கு நேர் மூலை பிடிக்கவே ஆசாரி இரண்டு நாள் திண்டாடினார்!

இஷிகாவா வாயிலைத் தாண்டினால் ஒரு பாலம். கீழே கார்கள் ஓடுகிற சாலை ஒரு காலத்தில் அகழி. பாலத்துக்கு அந்தப் பக்கம் கென்ரோகுயென், அந்தப் பகுதியை ஆண்ட மயேதா பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தோட்டம். நான் போன நேரம் யுகிட்சுரி, அதாவது பனிப்பாரம் தாங்கக் கிளைகளைக் கயிற்றால் கட்டும் வேலை, நடந்துகொண்டிருந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 1-ஆம் தேதி, குளத்தோரம் நிற்கும் கராசாகி பைன் மரத்தில் தொடங்குவார்கள். உயரமான கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து ஒருவர் கயிற்றை வீச, கீழே இருப்பவர்கள் பிடித்து ஒவ்வொரு கிளையாகக் கட்டுகிறார்கள், அந்த ஒரு மரத்துக்கே ஏறக்குறைய 800 கயிறு. அங்கே விழும் பனி ஈரமும் கனமுமானது, கட்டாமல் விட்டால் கிளை முறிந்துவிடும். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றதில் பேருந்தை விட்டேன்.

அப்புறம் தோட்டத்து நீரூற்று. மோட்டார் கிடையாது, மேலே இருக்கும் குளத்து நீரின் அழுத்தத்திலேயே மூன்று மீட்டருக்கு மேல் எழும்புகிறது. குளத்துக்குத் தண்ணீர் 1632-இல் வெட்டிய தத்சுமி கால்வாய் வழியாக, ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தள்ளி ஆற்றிலிருந்து வருகிறது. முந்தைய ஆண்டு கோட்டையும் ஊரும் தீப்பிடித்து எரிந்த சூட்டோடு வெட்டியது.

~

மேலே உள்ள கனசாவா பதிவுக்கு என் பதில்: நீங்கள் நவம்பரில் போனீர்கள், நான் ஜூனில் போய் நனைந்தேன். ‘சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்று அந்த ஊரில் ஒரு சொல்லே இருக்கிறது, எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சரி, ஒரு உபயோகமான தகவல்: கென்ரோகுயென் தோட்டத்துக்குள் விடியற்காலையில் இலவசமாகப் போகலாம். நடைப்பயிற்சிக்கு வந்த தாத்தா பாட்டிகள் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். ஒரு கால் தண்ணீரிலும் குட்டையான இன்னொரு கால் கல்லிலுமாக நிற்குமே அந்தக் கல்விளக்கு, அதைத் தனியாக நின்று பார்த்தேன். கட்டண நேரம் தொடங்குவதற்குள் வெளியேறிவிட வேண்டும், ஊழியர் குனிந்து வணங்கியே அனுப்பிவைத்தார். நான் வெளியே போய்க் காபி குடித்துவிட்டு, 320 யென் கொடுத்து மறுபடி உள்ளே போனேன்.