புற்றுக்காளான்: பொடிசும் பெரியதும் ஒன்றா?

மழைத்துளி: தென்காசிப் பக்கம் எங்கள் தோப்பில் இடி மழைக்கு அப்புறம் இரண்டு விதமாக முளைத்திருக்கிறது. ஒன்று உள்ளங்கை அகலக் குடை, இன்னொன்று விரல் நகம் அளவுதான், ஆனால் அரிசி கொட்டியது போல நூற்றுக்கணக்கில். பொடிசுதான் வளர்ந்து பெரியதாகும் என்கிறார் அப்பா. சரியா?

கரையோரம்: இல்லை. இரண்டுமே டெர்மிட்டோமைசிஸ் பேரினம்தான், இனம் வேறு. பொடிசு மைக்ரோகார்ப்பஸ், பெரியது, தண்டில் வளையம் இருந்தால், ஹெய்மியாக இருக்கலாம். பிடுங்காமல் தோண்டிப் பாருங்கள், பெரியதன் தண்டு வேர் மாதிரி இறங்கி, கறையான் கூட்டுக்குள் வளர்க்கிற பூஞ்சைத் தட்டு வரை போகும். பொடிசுக்கு அந்த வேர் கிடையாது, கறையான் வெளியே கொண்டுவந்து போட்ட தட்டுத் துணுக்குகளிலேயே முளைத்துவிடும்.

சட்டிக்கரண்டி: ருசியில் பொடிசுதான். மண் போக அலசுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும், அது வேறு கதை.

கரையோரம்: அவசரப்படாதீர்கள். குடையை வெள்ளைத்தாளில் ராத்திரி கவிழ்த்து வையுங்கள். இந்த இரண்டுக்கும் இளஞ்சிவப்புத் தூள் விழும். பச்சையாக விழுந்தால் அது விஷக்காளான். இளஞ்சிவப்பு என்பதற்காக மட்டும் சட்டியில் போடவும் வேண்டாம், பழகியவர் கண்ணில் காட்டுங்கள்.

மழைத்துளி: தோண்டினேன். முக்கால் அடி போயும் வேர் முடியவில்லை, வளையமும் இருக்கிறது. அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.