வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்றாகக் கொடுத்தேன்: வைட்டமின் டி அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கோயம்புத்தூரில் ஆபரேஷன், கீமோ முடிந்து, கேன்சர் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்த மாத்திரையால் எலும்பு பலம் குறையும் என்று கூடவே கால்சியமும், வாரம் ஒருமுறை பாலில் கலக்க 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டும் எழுதிக் கொடுத்தார்கள். எலும்புக்காகத்தான் அது. நானோ, வைட்டமின் டி ஏறினால் கேன்சர் திரும்பாது என்று போனில் வந்த வீடியோவை நம்பி, இரண்டு மாதம் தினமும் ஒரு பாக்கெட் கலந்து கொடுத்தேன்.

ஆடி மாதம், மழை விடவே இல்லை. அந்தக் குளிரில் அம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். சோற்றைக் கண்டாலே குமட்டல், மலச்சிக்கல் வேறு. ஒருநாள் காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிய, கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டே நின்றார். அணைக்கத் தோன்றவில்லை. நோய் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று பதறி மலையிறங்கினோம். வைட்டமின் டி அளவு மீறியதால் ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. டிரிப்ஸ் போட்டு, கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் நிறுத்தச் சொன்னார்கள்.

குன்னூரிலிருந்து:
நல்லவேளை சகோதரி, உடனே கூட்டிப்போனீர்கள். நான் லேப்பில் ரத்தம் எடுக்கிறவள். ரிப்போர்ட்டில் வைட்டமின் டி குறைவு என்று பார்த்ததுமே “கேன்சர் வருமாக்கா?” என்று கேட்பவர்கள் நிறைய. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்துச் செய்த வைட்டல் ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. தினமும் 2,000 யூனிட், ஐந்து வருடத்துக்கு மேல். புற்றுநோய் வருவது குறையவில்லை. பிறகு அலசியபோது, பரவிய அல்லது உயிரைப் பறித்த புற்றுநோய் 17 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தப் பலனும் அளவான எடை உள்ளவர்களிடம்தான் தெரிந்தது, பருமனானவர்களிடம் இல்லை. ஏன் என்று இன்னும் ஆராய்கிறார்கள். பருமனான உடம்பில் அதே டோஸுக்கு ரத்தத்தில் அளவு குறைவாகத்தான் ஏறும். அதற்காக நாமே டோஸைக் கூட்டுவது ஆபத்து.

கால்சியம் சாப்பிட்டால் எடை குறையும் என்பதையும் நம்பாதீர்கள். மாதவிடாய் நின்ற 36,282 பெண்கள் கலந்துகொண்ட ஆய்வில், ஏழு வருடம் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தும் எடையில் சராசரி வித்தியாசம் 130 கிராம்தான். பெருங்குடல் புற்றுநோயும் குறையவில்லை, சிறுநீரகக் கல் கொஞ்சம் கூடியது.

ஊட்டியிலிருந்து:
என் மாமியாருக்கும் லெட்ரோசோல்தான். இரண்டு ஸ்வெட்டர், மப்ளரோடு வெயிலில் உட்காருகிறார், மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். பாக்கெட்டை இப்போதே எடுத்துப் பார்த்தேன், வாரம் ஒன்றுதான். உங்கள் அம்மா எத்தனை நாளில் தேறினார்கள்?

கோத்தகிரியிலிருந்து:
தெளிவு பத்து நாளில் வந்துவிட்டது. கால்சியம் முழுசாக இறங்க மாதக்கணக்கில் ஆனது. கொழுப்பில் சேர்ந்த வைட்டமின் மெதுவாகத்தான் வெளியேறும் என்றார் டாக்டர். மறுபடி டெஸ்ட் எடுத்து, அவர் சொன்ன பிறகுதான் தொடங்கினோம். இப்போது பாக்கெட் அம்மா கையில். ஞாயிறு காலை குடித்ததும் காலண்டரில் அவரே வட்டம் போடுகிறார்.